வாசகர் கேள்வி பதில்: பனிமலையும் 30 டிகிரியும்

ஆண்டிறுதிப் பள்ளி விடுமுறைக்கு ஜப்பானின் ஹொக்கைடோ, காஷ்மீரின் குல்மார்க், நேப்பாளம் என்று டிக்கெட் போட்டுவிட்டவர்களின் கேள்விகள் இந்த இதழில். பனிச்சரிவு பற்றியவற்றை மட்டும் எடுத்துக்கொண்டோம். குளிராடை எங்கே வாடகைக்குக் கிடைக்கும் என்று கேட்டவர்கள் அடுத்த இதழ்வரை பொறுத்துக்கொள்ளவும்.

கே: டிசம்பரில் குடும்பத்தோடு ஹொக்கைடோவின் நிசெக்கோ போகிறோம். பிள்ளைகள் இருவரும் பனிச்சறுக்கு வகுப்பில் சேர்கிறார்கள். பனிச்சரிவு வந்துவிடுமோ என்று மாமியார் தூங்காமல் இருக்கிறார். — செங்காங் வாசகி

ப: வகுப்பு நடக்கும் இடத்தில் அந்தப் பயம் வேண்டாம் என்று அத்தையிடம் சொல்லுங்கள். ரிசார்ட்டுக்குள் இருக்கும் தடங்களை ரோந்துக் குழுவினர் பார்த்த பிறகுதான் திறக்கிறார்கள். புதிதாகக் கற்பவர்களை விடும் இடம் சாய்வு குறைந்தது, இயந்திரம் உருட்டி இறுக்கியது. ஆபத்து கயிற்றுக்கு அந்தப் பக்கம் தொடங்குகிறது. நிசெக்கோவில் மலையின் மேல்பகுதியில் வாயில்கள் வைத்திருக்கிறார்கள். வாயில் திறந்திருந்தால் வெளியே போகலாம், மூடியிருந்தால் போகக் கூடாது. கயிற்றுக்கு அடியில் நுழைந்து போவது எந்த நாளிலும் கூடாது. மீறினால் லிஃப்ட் சீட்டைப் பிடுங்கிவிடுவார்கள்.

உங்கள் பிள்ளைகளுக்குப் பக்கத்தில் இருப்பவை வேறு இரண்டு ஆபத்துகள். ஒன்று கூரைப் பனி. தங்கும் விடுதியின் சாய்கூரையில் சேர்ந்த பனி, வெயில் ஏறியதும் ஒரே வீச்சில் கீழே விழும். கூரை விளிம்புக்கு அடியில் பனிமனிதன் செய்ய விடாதீர்கள். இன்னொன்று மரக்குழி. ஊசியிலை மரத்தின் தாழ்ந்த கிளைகளுக்கு அடியில் பனி இறுகாமல் குழியாக இருக்கும். தலைகீழாக உள்ளே விழுந்தவரால் தானாக வெளியே வர முடியாது. மரங்களுக்கு நடுவே சறுக்கும் வயது வந்ததும் இருவர் இருவராக, ஒருவர் கண்ணில் ஒருவர் பட்டபடி போகச் சொல்லிக் கொடுங்கள்.

கே: பஞ்சாக விழுகிற பனி, படிந்தபின் எப்படித் திடீரென்று மலையை விட்டுக் கழன்று வருகிறது? — தெம்பனிஸ் வாசகர்

ப: ஒவ்வொரு பொழிவும், ஒவ்வொரு காற்றும், ஒவ்வொரு வெயிலும் தனி அடுக்காகப் பதிகிறது. அடுக்குகள் எல்லாம் ஒரே அளவு ஒட்டுவதில்லை. ஆளைக் கொல்லும் சரிவுகளில் பெரும்பாலானவை பாளச் சரிவுகள். மேலே துகளோடு துகள் பிணைந்த பாளம் இருக்கும். அதற்கு அடியில் பிணைப்பில்லாத மெல்லிய அடுக்கு. அது சில மில்லிமீட்டர் கனம் இருந்தாலே போதும். ஒருவர் மேலே ஏறியதும் அந்த அடுக்கு நொறுங்குகிறது, நொறுங்கல் பக்கவாட்டில் ஓடுகிறது, பாளம் முழுவதும் பிடி விட்டுப்போகிறது. வெடிப்பு பெரும்பாலும் அவர் நிற்கும் இடத்துக்கு மேலே விழும். ஓடித் தப்ப முடியாததற்கு அதுதான் காரணம். சிக்கியவர்களில் ஏறக்குறைய பத்தில் ஒன்பது பேர் விஷயத்தில், சரிவைக் கிளப்பிவிட்டவர் அவரேதான், இல்லையென்றால் அவரோடு வந்தவர்.

அந்தப் பலவீன அடுக்கு வருவதற்கு இரண்டு வழிகளைத் தெரிந்துவைத்துக்கொள்ளுங்கள். மேகமில்லாத, காற்றில்லாத குளிர் இரவில் பனியின் மேற்பரப்பில் தட்டையான படிகங்கள் முளைக்கும். காலை வெயிலில் மின்னும், எல்லோரும் படம் எடுப்பார்கள். அடுத்த பொழிவு அதை மூடிவிட்டால் வாரக்கணக்கில் அப்படியே புதைந்து கிடக்கும். இரண்டாவது வழி கண்ணுக்குத் தெரியாது. தரையை ஒட்டிய பனி 0 டிகிரிக்குப் பக்கத்தில் இருக்கும், மேலே காற்று உறைய வைக்கும். இந்த வெப்ப வித்தியாசம் 10 செ.மீ.க்கு 1 டிகிரிக்கு மேல் போனால், நீராவி அடியிலிருந்து மேலேறி, பனித்துகள்களைக் கோணல் படிகங்களாக மாற்றிவிடும். கையில் அள்ளினால் சீனி போலப் பொலபொலவென்று உதிரும், உருண்டை பிடிக்க வராது.

ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். மேற்பரப்பு மைனஸ் 15 டிகிரி, பனி 50 செ.மீ. கனம் என்றால் 10 செ.மீ.க்கு 3 டிகிரி. அதே குளிரில் பனி 2 மீட்டர் கனம் என்றால் முக்கால் டிகிரிதான். பனி குறைவாக இருந்தால் ஆபத்தும் குறைவு என்ற எண்ணம் இங்கேதான் கவிழ்கிறது. குளிர்ந்த, பனி மெலிந்த மலைகளில் இந்த அடுக்கு பருவம் முழுக்க நீடிக்கும். ஹொக்கைடோ போல ஓயாமல் பொழியும் இடங்களில் பெரும்பாலும் தொல்லை தருவது அன்றைக்கு விழுந்த புதுப்பனிப் பாளம். அது பல சமயம் ஓரிரு நாளில் இறுகிவிடும்.

இவ்வளவு இருந்தாலும் சாய்வு இல்லாவிட்டால் ஒன்றும் நடக்காது. பாளச் சரிவுகள் கிளம்புவது பெரும்பாலும் 30 முதல் 45 டிகிரிச் சாய்வில். அதைவிடச் செங்குத்தான இடத்தில் பனி சேர்வதற்குள் சிறிது சிறிதாக உதிர்ந்துவிடுகிறது. கோணத்தைக் கண்ணால் மதிப்பிடுகிறவர்கள் பெரும்பாலும் தவறாகத்தான் சொல்வார்கள். ஸ்கீ கம்பைச் சரிவு இறங்கும் திசையில் பனிமேல் படுக்க வையுங்கள். அதன்மேல் கைப்பேசியின் விளிம்பை வைத்து, கோணம் காட்டும் செயலியைப் பாருங்கள். பத்து வினாடி வேலை. ஜப்பான் அரசின் இணைய வரைபடத்தில் பனிச்சரிவுக்கென்றே சாய்வை வண்ணம் பிரித்துக் காட்டும் படலம் இருக்கிறது. சிங்கப்பூரில் சோபாவில் உட்கார்ந்தே பார்த்துவிடலாம். நீங்கள் நிற்கும் இடம் 20 டிகிரியாக இருந்தாலும் தலைக்கு மேலே 35 டிகிரி இருந்தால், உங்களுக்குக் கணக்கு 35தான்.

கே: சத்தம் போட்டால் பனி சரியுமா? — ஜூரோங் வாசகர்

ப: சரியாது. சினிமாவில் மட்டும்தான்.

கே: பனிச்சரிவு அறிக்கையில் அபாய நிலை 5-இல் 3 என்று போட்டிருந்தால் நடுத்தரம்தானே, போகலாமா? — பிடோக் வாசகர்

ப: பள்ளித் தேர்வு மதிப்பெண் மாதிரி படிக்கிறீர்கள். இந்த அளவுகோலில் ஒவ்வொரு படியும் முந்தைய படியைவிடப் பல மடங்கு. நிலை 3 என்றால், செங்குத்தான பல சரிவுகளில் ஒரே ஒரு ஆள் ஏறினாலே பாளம் கழன்றுவிடக்கூடும் என்று பொருள். சுவிட்சர்லாந்து போன்ற நாடுகளில் இறப்புகளில் பாதியளவு இந்த நிலையில்தான் நடக்கிறது. 5 என்றால் யாரும் வெளியே போக மாட்டார்கள். 3 என்றால் வானம் தெளிவாக இருக்கும், பனி புதிதாக இருக்கும், ஆசை அதிகமாக இருக்கும்.

சுவிஸ் மலைவழிகாட்டி வெர்னர் முன்டர் ஒரு சுருக்கு வழி கொடுத்தார். நிலை 2 என்றால் 40 டிகிரிக்குக் கீழே, 3 என்றால் 35-க்குக் கீழே, 4 என்றால் 30-க்குக் கீழே நில். அதுவும் பனியைப் பார்த்துப் பழகியவர்களுக்கு. ஆண்டுக்கு ஒருமுறை இங்கிருந்து விமானம் ஏறிப் போகிறவர்கள் நிலை 3 அன்று 30 டிகிரியைத் தொடாமல் இருப்பதே எங்கள் ஆலோசனை.

எண்ணை மட்டும் பார்த்துவிட்டு மூடாதீர்கள். எந்தத் திசை நோக்கிய சரிவு, எந்த உயரத்துக்கு மேல், எந்த வகைச் சிக்கல் என்று கீழே எழுதியிருப்பதுதான் அறிக்கையின் உயிர். காற்று ஒரு பக்கத்துப் பனியைச் சுரண்டி மறுபக்கத்தில் கொட்டும். வானத்திலிருந்து விழுவதைவிடப் பத்து மடங்கு வேகத்தில்கூட அது சேரும். வடமேற்குக் காற்று அடித்திருந்தால் தென்கிழக்குச் சரிவில் பாளம் காத்திருக்கும்.

மலையில் கால் வைத்த பிறகு அறிக்கையைவிடப் பனி சொல்வதைக் கேளுங்கள். காலடியில் 'வும்ப்' என்று ஓர் அடங்கிய சத்தத்தோடு பனி ஓர் அங்குலம் அமர்ந்தால், உங்களுக்குக் கீழே அந்த அடுக்கு நொறுங்கிவிட்டது. சமதளமாக இருந்ததால் பிழைத்தீர்கள். ஸ்கீ முனையிலிருந்து விரிசல் ஓடினாலும், எதிர்மலையில் புதிதாகச் சரிந்த தடம் தெரிந்தாலும், ஒரு நாளில் 30 செ.மீ. புதுப்பனி விழுந்திருந்தாலும், திடீரென்று வெப்பம் ஏறினாலும் அன்றைய திட்டத்தைச் சாய்வு குறைந்த பக்கம் மாற்றிவிட வேண்டும்.

கே: நண்பரிடமிருந்து பழைய டிரான்ஸீவர் ஒன்று வாங்கியிருக்கிறேன். பனியே இல்லாத ஊரில் எப்படிப் பழகுவது? — உட்லண்ட்ஸ் வாசகர்

ப: டிரான்ஸீவர் என்பது பனியில் புதைந்தவரைக் கண்டுபிடிக்க ஒவ்வொருவரும் உடலில் அணியும் சிக்னல் கருவி. முதலில் பெட்டியைப் பாருங்கள். மூன்று ஆன்டெனா இருக்கிறதா? இல்லையென்றால் அலமாரியில் வைத்துவிட்டு வேறு வாங்குங்கள். பேட்டரி மூடியைத் திறந்து பாருங்கள். நம் ஊர் ஈரக்காற்றில் ஆண்டு முழுக்க பேட்டரியோடு கிடந்த கருவியில் தகட்டின்மேல் பச்சையாகவோ வெள்ளையாகவோ உப்புப் பூத்திருக்கும். பூத்திருந்தால் நம்பாதீர்கள். பயணம் முடிந்ததும் பேட்டரியைக் கழற்றிவிடுவது, அடுத்த பயணத்துக்குப் புதிய ஆல்கலைன் பேட்டரி போடுவது என்று வழக்கப்படுத்திக்கொள்ளுங்கள். தயாரிப்பாளர் அனுமதிக்காவிட்டால் ரீசார்ஜ் பேட்டரி கூடாது. அதன் மின்னழுத்தம் விழும் விதம் வேறு, மீதியைக் கருவி தவறாகக் காட்டும்.

எல்லா நிறுவனக் கருவிகளும் 457 கிலோஹெர்ட்ஸில் இயங்குகின்றன, அதனால் ஒன்று மற்றொன்றைக் கண்டுபிடிக்கும். பழகப் பனி தேவையில்லை. ஒன்றை அனுப்பும் நிலையில் வைத்து, பிளாஸ்டிக் டப்பாவில் போட்டு, திறந்த புல்வெளியில் ஒரு பையின் அடியில் மறைத்து வையுங்கள். அடுக்குமாடிக் கீழ்த்தளம் வேண்டாம், கான்கிரீட்டுக்குள் இருக்கும் கம்பியும் மின்வடமும் குழப்பும். புல்லைத் தோண்டவும் வேண்டாம், தேசியப் பூங்காக் கழகத்துக்குப் பதில் சொல்ல வேண்டிவரும்.

தேடும் முறை இது. கடைசியாக ஆளைப் பார்த்த இடத்தை மனத்தில் குறித்துக்கொண்டு, அதற்குக் கீழே தேடத் தொடங்குங்கள். சிக்னல் கிடைக்கும்வரை வேகமாக, வளைந்து வளைந்து போகலாம். தனியாகத் தேடினால் ஒரு வளைவுக்கும் அடுத்ததற்கும் இடைவெளி கருவியில் அச்சிட்ட அளவைத் தாண்டக் கூடாது, பலவற்றில் அது 40 அல்லது 50 மீட்டர். கண்ணையும் பயன்படுத்துங்கள். கையுறையோ கம்போ பனிக்கு வெளியே நீட்டிக்கொண்டிருக்கலாம். சிக்னல் வந்ததும் அம்பைப் பின்தொடருங்கள். அது நேர்கோட்டில் கூட்டிப்போகாது, வில்லாக வளைத்துத்தான் கூட்டிப்போகும். காந்தப்புலத்தின் கோடுகள் அப்படி. எண் குறைகிறதா என்று மட்டும் பாருங்கள். ஏறினால் எதிர்த்திசையில் போகிறீர்கள். 10 மீட்டரில் வேகத்தைக் குறையுங்கள். 3 மீட்டரில் கருவியைப் பனிமட்டத்துக்குக் கொண்டுவந்து, திருப்பாமல், நேராக முன்னும் பின்னும், பிறகு குறுக்காக நகர்த்தி, மிகக் குறைந்த எண் வரும் இடத்தில் அடையாளம் வையுங்கள்.

புதியவர்கள் கோட்டைவிடுவது இந்தக் கடைசி 3 மீட்டரில்தான். கையை வேகமாக ஆட்டுவார்கள், கருவி கணக்குப் போட நேரம் எடுக்கும், எண் குதிக்கும், பதற்றத்தில் திரும்பவும் தொடங்குவார்கள்.

அடுத்தது புரோப் கம்பி, 240 செ.மீ.யாவது நீளம் வேண்டும். குறித்த இடத்திலிருந்து சுற்றுச்சுருளாக, 25 செ.மீ.க்கு ஒரு குத்து. வானத்தைப் பார்த்துச் செங்குத்தாகக் குத்தாமல் பனிப்பரப்புக்குச் செங்குத்தாகக் குத்துங்கள். ஆள் மேல் பட்டால் மெத்தென்று திரும்பும், பாறையில் பட்டால் டக்கென்று நிற்கும். வீட்டில் யோகா விரிப்பைச் சுருட்டி, பக்கத்தில் ஒரு செங்கல்லையும் வைத்து, கண்ணை மூடிக்கொண்டு குத்திப் பார்த்தால் வித்தியாசம் கைக்குப் பிடிபட்டுவிடும். பட்டதும் கம்பியை எடுக்காதீர்கள். ஆழத்தைப் படித்து, அதில் ஒன்றரை மடங்கு தூரம் சரிவில் கீழே இறங்கி, அங்கிருந்து ஆளை நோக்கித் தோண்டுங்கள். நேர் மேலே நின்று தோண்டினால் அவருடைய காற்றுவெளியை மிதித்து மூடுவீர்கள். ஷவல் அலுமினியமாக இருக்கட்டும். சரிந்து நின்ற பனி உடனே கெட்டியாகிவிடும், பிளாஸ்டிக் அதில் வளையும், உடையும். மொத்த நேரத்தில் பெரும்பகுதியை விழுங்குவது தோண்டுவதுதான். ஆனால் எல்லோரும் பழகுவது கருவியை மட்டும்.

கைப்பேசி, ஸ்மார்ட் வாட்ச், சூடேற்றும் கையுறை எல்லாம் கருவிக்கு எதிரி. அனுப்பும்போது 20 செ.மீ., தேடும்போது 50 செ.மீ. தள்ளி இருக்க வேண்டும்.

கே: 2016-இல் சியாச்சினில் ஒரு ராணுவ வீரர் ஆறு நாள் பனிக்கு அடியில் உயிரோடு இருந்தாரே. புதைந்தவருக்குச் சில நிமிடங்கள்தான் என்கிறார்களே, எப்படி? — புக்கிட் பாத்தோக் வாசகர்

ப: லான்ஸ் நாயக் ஹனுமந்தப்பா. மதராஸ் ரெஜிமென்ட்டின் 19-ஆம் பட்டாலியன், பிப்ரவரி 3 அன்று 19,600 அடி உயரத்தில் சோனம் முகாம் புதைந்தபோது அங்கிருந்த பத்துப் பேரில் ஒருவர். தமிழ்நாட்டு வீரர்களும் அதில் இறந்தார்கள். அவர் உயிரோடு கிடைக்கக் காரணம், கூடாரத்துக்குள் இருந்ததால் அவரைச் சுற்றி மிஞ்சிய காற்றுவெளி. மீட்கப்பட்டவர் பிப்ரவரி 11 அன்று டெல்லி ராணுவ மருத்துவமனையில் இறந்தார்.

திறந்த மலையில் புதைபவருக்குக் கூடாரம் கிடையாது. 10 நிமிடத்துக்குள் வெளியே எடுத்தால், ஏறக்குறைய பத்தில் ஒன்பது பேர் பிழைக்கிறார்கள். அரை மணி நேரம் ஆனால் மூன்றில் ஒருவர்தான். பனியில் காற்று உண்டு, ஆனால் விடும் மூச்சு முகத்துக்கு முன் உறைந்து பூச்சுப் போல அடைத்துக்கொள்கிறது, விட்ட மூச்சையே திரும்ப இழுக்க வேண்டிவருகிறது. ஹெலிகாப்டர் வரும்வரை அந்த நேரம் காத்திருக்காது. அதனால்தான் டிரான்ஸீவர், புரோப், ஷவல் மூன்றும் ஒவ்வொருவரிடமும் இருக்க வேண்டும் என்பது. உங்கள் பையில் இருப்பது உங்கள் நண்பரைக் காப்பாற்ற, உங்களைக் காப்பாற்ற இருப்பது அவர் பையில்.

கே: மார்ச்சில் அன்னபூர்ணா அடிவார முகாம் நடைப்பயணம். நாங்கள் மலையேறுபவர்கள் அல்லர், வெறும் நடைதான். இதெல்லாம் எங்களுக்கும் உண்டா? — அங் மோ கியோ வாசகிகள்

ப: உண்டு. அந்தப் பாதையில் சிக்கல் காலடியில் இல்லை, தலைக்கு மேலே. 6,441 மீட்டர் ஹியுன்சுலியின் சரிவுகளில் சேரும் பனி, நடப்பவர் கண்ணுக்கே தெரியாத உயரத்திலிருந்து ஓடைகள் வழியாகப் பாதைக்கு இறங்குகிறது. ஹின்கு குகை, தேவராலி, அங்கிருந்து மச்சபுச்ரே முகாம் வரையிலான பகுதியில் பாதை அத்தகைய ஓடைகளை அடுத்தடுத்துக் கடக்கிறது. 2020 ஜனவரி 17 அன்று தேவராலிப் பகுதியில் தென்கொரியர் நால்வரும் நேப்பாளியர் மூவரும் மாண்டார்கள்.

அதிகாலையில் கிளம்பலாம் என்று உங்கள் வழிகாட்டி சொன்னால் முணுமுணுக்காதீர்கள், மேலே வெயில் படுவதற்குள் அந்தப் பகுதியைத் தாண்டத்தான். ஓடையைக் கடக்கும்போது ஒருவர் பின் ஒருவராக, இடைவெளி விட்டு, நிற்காமல் போங்கள். தண்ணீர் குடிப்பதும் படம் எடுப்பதும் அக்கரையில். ஆற்றின் மறுகரையில் மாற்றுப்பாதை உண்டு, நிலைமை மோசமென்றால் அதில் கூட்டிப்போவார்கள். பெரும்பொழிவு விழுந்திருந்தால் கீழே தங்கும் விடுதியில் ஒன்று இரண்டு நாள் காத்திருங்கள். திரும்பும் விமான டிக்கெட்டுக்கு முன் இரண்டு நாள் காலியாக விடாதவர்கள்தான் காத்திருக்க மாட்டார்கள்.

அக்டோபரில் போக நினைக்கும் மற்றவர்களுக்கு ஒரு சொல்: வங்கக் கடல் புயலையும் பாருங்கள். 2014 அக்டோபர் 12 அன்று விசாகப்பட்டினத்தில் கரையேறிய ஹூட்ஹூட்டின் மிச்சம், இரண்டு நாள் கழித்து நேப்பாளத்தின் 5,416 மீட்டர் தோரோங் கணவாயில் பனியாகக் கொட்டியது. பனிப்புயலிலும் சரிவுகளிலும் 40 பேருக்கு மேல் இறந்தார்கள்.

கே: குழி தோண்டிப் பனியைச் சோதிப்பதை வீடியோவில் பார்த்தேன். நானே செய்து பார்த்து முடிவெடுக்கலாமா? — தோ பாயோ வாசகர்

ப: செய்து பாருங்கள், முடிவை அதில் தொங்கவிடாதீர்கள். 30 செ.மீ.க்கு 30 செ.மீ. தூணாகப் பனியை வெட்டிப் பிரித்து, மேலே ஷவலை வைத்து, மணிக்கட்டால் 10, முழங்கையால் 10, தோளிலிருந்து 10 தட்டு. எத்தனையாவது தட்டில், எந்த அடுக்கில் வெட்டுவிழுகிறது என்று பார்ப்பது ஒரு சோதனை. 90 செ.மீ. அகலத் தூணின் ஓர் ஓரத்தில் தட்டி, வெடிப்பு மறு ஓரம்வரை ஓடுகிறதா என்று பார்ப்பது இன்னொன்று. எங்களைக் கேட்டால் இரண்டாவதுதான் அதிகம் சொல்லும், ஏனென்றால் பாளம் கழல்வதே அந்த ஓட்டத்தால்தான். ஓடினால் அன்றைக்கு அந்தச் சரிவு வேண்டாம். ஓடாவிட்டால்? இருபது மீட்டர் தள்ளி வேறு மாதிரி இருக்கலாம். கெட்ட விடையை நம்பலாம், நல்ல விடையை அனுமதிச் சீட்டாக எடுத்துக்கொள்ளக் கூடாது.

கே: குல்மார்க்கில் கோண்டோலாவே மேலே கொண்டுபோய் விடுகிறதே? — ஈசூன் வாசகர்

ப: விடுகிறது, அஃபர்வத் மலையில் 3,900 மீட்டருக்கு மேலே. ஆனால் ரோந்து பார்ப்பது அங்கே ஒரு பகுதியை மட்டும்தான், பக்கத்திலேயே முழுக் காட்டுமலை. லிஃப்ட் கொண்டுவிட்டதால் அது ரிசார்ட் ஆகிவிடாது. 2023 பிப்ரவரி 1 அன்று போலந்துக்காரர் இருவர் அதே மலையில் இறந்தார்கள். இந்தியப் பாதுகாப்புத் துறையின் டிஜிஆர்இ ஆய்வுக்கூடம் காஷ்மீர், இமாச்சலம், உத்தராகண்டுக்குப் பனிச்சரிவு அறிக்கை தருகிறது. மாவட்டம் முழுவதற்குமான அந்த எச்சரிக்கையோடு, குல்மார்க் ரோந்துக் குழுவிடமும் காலையில் கேட்டுவிட்டு ஏறுங்கள்.

கே: பனிச்சரிவில் ஊதி விரியும் ஏர்பேக் பை வாங்கினால் சாங்கியில் விடுவார்களா? — பொங்கோல் வாசகர்

ப: விமான நிறுவனத்திடம் முன்கூட்டியே ஒப்புதல் வாங்கியிருந்தால் விடுவார்கள். ஆளுக்கு ஒரு பை, தற்செயலாக வெடித்து விரியாதபடி கட்டியிருக்க வேண்டும், அழுத்தம் வெளியேறும் வால்வு இருக்க வேண்டும் என்பது பன்னாட்டு விதி. ஒப்புதலை அச்சிட்டுக் கையில் வைத்துக்கொள்ளுங்கள், முகப்பில் இருப்பவருக்கு இந்தப் பொருளே தெரியாமல் இருக்கலாம். திரும்பும் விமானம் வேறு நிறுவனமென்றால் அவர்களிடமும் தனியாகக் கேட்க வேண்டும். சில நாடுகள் வாயு உருளையை விடுவதில்லை, அதனால் பலர் மின்விசிறியால் ஊதும் வகைக்கு மாறிவிட்டார்கள். அதில் லித்தியம் பேட்டரி இருந்தால் பேட்டரி விதிகள் பொருந்தும்.

பை வேலை செய்கிறதா என்றால், ஆம். புரளும் பனியில் பெரிய பொருள் மேலே வரும், விரிந்த பை உங்களைப் பெரிய பொருளாக்குகிறது. மரத்திலும் பாறையிலும் மோதினாலோ பள்ளத்தில் விழுந்தாலோ அது உதவாது. பிடியை இழுத்தால்தான் விரியும் என்பதையும் மறந்துவிடாதீர்கள். பிடியை உறையிலிருந்து எடுக்காமலே மலையேறுபவர்கள் இருக்கிறார்கள். டிரான்ஸீவர், புரோப், ஷவல் மூன்றும் வாங்கி, ஒரு பயிற்சி வகுப்புக்கும் பணம் கட்டிய பிறகு கையில் வெள்ளி மிஞ்சினால் ஏர்பேக் வாங்குங்கள். அதற்கு முன் உங்கள் பயணக் காப்புறுதிப் பத்திரத்தை எடுத்து, ரிசார்ட் எல்லைக்கு வெளியே சறுக்குவதும் தேடுதல் மீட்புச் செலவும் அதில் சேர்ந்திருக்கின்றனவா என்று பாருங்கள். நிசெக்கோவில் எல்லைக்கு வெளியே தேடப் போனால் அந்தச் செலவு உங்கள் தலையில்தான்.